ரேம் ஸ்டிக்கரில் இருக்கும் அந்த நான்கு எண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் கணினி சேர்க்கிறவர்கள் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றி வாரக்கணக்கில் படித்துவிட்டு வருவார்கள். ரேம் என்று வந்ததும் "16 ஜிபி, 3200, போதும்ல?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்புறம் பெட்டியைப் பிரித்து ஸ்டிக்கரைப் பார்த்ததும் போன் வரும். அப்படி வந்த கேள்விகள்தான் இவை. பெரும்பாலும் ஒரே ஜோடி ரேமை வைத்தே விளக்கியிருக்கிறேன்: டிடிஆர்4-3200 (டிடிஆர்4 என்பது தலைமுறை, 3200 வேக எண்), டைமிங் 16-18-18-38.

16-18-18-38 என்றால் என்ன?

நான்கும் காத்திருப்பு எண்கள். ரேம் எத்தனை கிளாக் துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள சமையலறைக்குப் போகலாம்.

அலமாரியில் ஏகப்பட்ட அஞ்சறைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. கடுகு வேண்டும். முதலில் கடுகு இருக்கும் பெட்டியை எடுத்து மேடையில் வைத்துத் திறக்க வேண்டும். அப்புறம் கிண்ணத்தில் கரண்டியை விட்டு எடுக்க வேண்டும். அடுத்து வேறொரு பெட்டி தேவைப்பட்டால், முதலில் இதை மூடித் திரும்ப வைக்க வேண்டும், ஏனென்றால் மேடையில் ஒரு பெட்டிக்குத்தான் இடம்.

ரேமுக்குள்ளும் இதே கதைதான். தகவல் வரிசை வரிசையாக இருக்கிறது. ஒரு வரிசை முழுவதையும் திறந்தால்தான் அதிலிருந்து ஒரு துண்டைக்கூடப் படிக்க முடியும். நம் ஜோடியில்:

முதல் 16 சிஎல். பெட்டி ஏற்கெனவே திறந்திருக்கிறது, கேட்டதிலிருந்து கரண்டியில் கடுகு வரும்வரை ஆகும் நேரம். அடுத்த 18 டிஆர்சிடி, பெட்டியை இறக்கித் திறக்கும் நேரம். மூன்றாவது 18 டிஆர்பி, மூடித் திரும்ப வைக்கும் நேரம். கடைசி 38 டிஆர்ஏஎஸ்; ஒரு பெட்டியைத் திறந்தால் குறைந்தது இவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு. இந்த நான்காவதைப் பற்றி இணையத்தில் நிறைய சண்டை நடக்கும். அன்றாட வேகத்தில் அதன் பங்கு சொற்பம் என்பதால் நான் அதில் இறங்குவதில்லை.

கடுகுக்கு அடுத்து அதே பெட்டியிலிருந்து சீரகம் வேண்டுமென்றால் சிஎல் மட்டும் போதும். மேடை காலியாக இருந்தால் டிஆர்சிடியும் சிஎல்லும். வேறு பெட்டி திறந்திருந்தால் மூன்றும் சேரும். எண்களாகச் சொன்னால் நம் ஜோடிக்கு முறையே 10, 21.25, 32.5 நானோ நொடி. ஒரே வேலைக்கு மூன்று மடங்கு வித்தியாசம்! அதனால்தான் சிஎல்லை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் என்று சொல்கிறேன்.

நல்ல வேளையாக மேடை ஒன்றே ஒன்று இல்லை. சாதாரண டெஸ்க்டாப் ஸ்டிக்குகளில் உள்ள டிடிஆர்4 சிப்களில் 16 பேங்க்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை திறந்திருக்கலாம். அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இன் 16 ஜிகாபிட் சிப்களில் அது 32. ஒன்றில் திறந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றிலிருந்து எடுக்கலாம்.

சிஎல் எண் குறைவாக இருந்தால் வேகமான ரேம். சரிதானே?

ஒரே வேகமுள்ள இரண்டு ரேம்களை ஒப்பிட்டால் சரி. வேகம் வேறுபட்டால் தவறு.

சிஎல் என்பது துடிப்புகளின் எண்ணிக்கை. ஒரு துடிப்பு எவ்வளவு நேரம் என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து என்ன செய்வது? "பதினாறு எட்டில் வந்துவிடுவேன்" என்று ஒருவர் சொன்னால், எட்டு வைப்பது ஐந்து வயதுப் பையனா ஆறடி ஆளா என்று தெரிய வேண்டாமா?

கணக்கு எளிது. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, ரேமின் வேக எண்ணால் வகுத்தால் நானோ நொடி வந்துவிடும். 3200 சிஎல்16 என்றால் 32000-ஐ 3200-ஆல் வகுக்க, 10. 3600 சிஎல்18 என்றாலும் அதே 10. டிடிஆர்5-6000 சிஎல்30, மறுபடியும் 10. கடையில் நின்றுகொண்டு போன் கால்குலேட்டரில் போட்டுவிடலாம்.

இதே கணக்கை இரண்டாவது எண்ணுக்கும் போட்டுப் பாருங்கள். 3600 சிஎல்18 என்று விற்பதில் சில 18-22-22 ஆக இருக்கும். சிஎல்லில் நம் ஜோடிக்குச் சமம். ஆனால் பெட்டியை மாற்ற வேண்டிய நேரத்தில் 34.4 நானோ நொடி ஆகிறது, நம் 3200 ஜோடிக்கு 32.5. ரேம் வரும் அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சடிக்கப்படுவது முதல் எண், விலை குறைக்கப்படுவது இரண்டாவது எண்ணில்.

டிடிஆர்5-இல் சிஎல்40, சிஎல்46 என்றெல்லாம் இருக்கிறதே. பழசே நல்லதா?

தாமதத்தை மட்டும் பார்த்தால், ஆரம்ப காலத்து டிடிஆர்5 மேல் இருந்த முணுமுணுப்பு நியாயமானதுதான். டிடிஆர்5-4800 சிஎல்40 என்றால் 16.7 நானோ நொடி. 5600 சிஎல்46 என்றால் 16.4. நல்ல டிடிஆர்4-ஐவிட இது மந்தம்.

ஆனால் ஒரு முறை எடுக்க ஆரம்பித்தபின் கொட்டும் அளவு டிடிஆர்5-இல் அதிகம். ஒவ்வொரு ஸ்டிக்கும் உள்ளுக்குள் இரண்டு தனித்தனிப் பாதைகளாகப் பிரிந்திருப்பதால், ஒன்றில் வேலை நடக்கும்போது மற்றதும் வேறு வேலை பார்க்கும். பல கோர்கள் ஒரே நேரத்தில் கேட்கும்போது அந்தப் பலன் தெரியும். இப்போது 6000 சிஎல்30 எளிதாகக் கிடைப்பதால் பழைய குறையும் ஏறக்குறைய போய்விட்டது.

அப்படியானால் இத்தனை வருடத்தில் தாமதம் குறையவே இல்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 2000-களின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் தேடி அலைந்து வாங்கிய டிடிஆர்-400 சிஎல்2 ரேமுக்குக் கணக்குப் போடுங்கள்: 10 நானோ நொடி. இன்றைய டிடிஆர்5-6000 சிஎல்30-உம் 10. இடையில் ஒரு ஸ்டிக் தகவல் கொட்டும் வேகம் 15 மடங்கு ஆகிவிட்டது. முதல் துளிக்கான காத்திருப்பு நின்ற இடத்தில் நிற்கிறது.

காரணம் ரேமின் உடற்கூற்றில் இருக்கிறது. ஐபிஎம்மில் ராபர்ட் டெனார்ட் கண்டுபிடித்து 1968-இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் ஓடுகிறது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இருக்கும் மின்னூட்டமோ மிகச் சொற்பம். அதை ஒரு நீளமான கம்பியில் திறந்துவிட்டு, கம்பியின் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறியதா இறங்கியதா என்று ஒரு உணர்வுச் சுற்று கண்டுபிடித்துப் பெருக்க வேண்டும். படித்தவுடன் மின்தேக்கி கலைந்துவிடும் என்பதால் திரும்ப நிரப்பவும் வேண்டும். கிளாக்கை இரட்டிப்பாக்கினாலும் இந்த வேலை அவசரப்படாது.

கம்பியைக் குட்டையாக்கினால் வேகம் கூடும். ஆனால் அதே பரப்பில் உணர்வுச் சுற்றுகள் அதிகம் வைக்க வேண்டிவரும், கொள்ளளவு குறையும், விலை ஏறும். சந்தை கேட்டது அதிக ஜிபி, குறைந்த விலை. அதைத்தான் கொடுத்தார்கள்.

3200 என்று வாங்கினேன். கணினியின் உள்விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1600 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டிடிஆர் என்ற பெயரிலேயே "இரட்டை" இருக்கிறது. ஒரு துடிப்பில் இரண்டு முறை தகவல் அனுப்பும். உண்மையான கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ், பரிமாற்றம் நொடிக்கு 3200 மில்லியன் முறை. மேலே கணக்கில் 2000 வந்ததும் இதனால்தான்.

டாஸ்க் மேனேஜரில் 2133 அல்லது 2400 காட்டுகிறது. இதுவும் பாதியா?

இது வேறு. இதில் உங்கள் காசு வீணாகிக்கொண்டிருக்கிறது.

நண்பர் ஒருவர் கேம் திடீர் திடீரென்று திணறுகிறது என்று கூப்பிட்டார். கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா என்பது அவர் கேள்வி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைச் சொடுக்கினேன். ஸ்பீட் என்ற இடத்தில் 2133. உள்ளே இருந்தது இதே 3200 சிஎல்16 ஜோடி. வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது! பயாஸுக்குள் (கணினி எழும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்து சேமித்துவிட்டு வந்தேன். மொத்தம் இரண்டு நிமிட வேலை. கார்டு வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது.

நடந்தது இதுதான். ஸ்டிக்கில் ஒரு குட்டிச் சிப்பில் அதன் ஜாதகம் எழுதியிருக்கும், எஸ்பிடி என்பார்கள். அதில் ஜெடெக் அமைப்பு வகுத்த, எந்த மதர்போர்டிலும் ஓடக்கூடிய பத்திரமான வேகங்கள் ஒரு பக்கம். தயாரிப்பாளர் விளம்பரப்படுத்திய வேகமும் டைமிங்கும் இன்னொரு பக்கம். போர்டு முதல் முறை எழும்போது பத்திரமானதையே எடுக்கும். 2133 சிஎல்15 என்றால் 14 நானோ நொடி. காசு கொடுத்தது 10-க்கு.

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, டிஓசிபி: எது எனக்கு?

மூன்றும் தயாரிப்பாளர் எழுதிய அந்த இரண்டாவது பக்கத்தை, அதாவது ப்ரொஃபைலை, ஆன் செய்வதற்கான பெயர்கள். எக்ஸ்எம்பி இன்டெல் வைத்த பெயர். எக்ஸ்போ டிடிஆர்5-க்காக ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்தது. டிஓசிபி என்பது ஆசுஸின் ஏஎம்டி போர்டுகளில் எக்ஸ்எம்பிக்கு இருக்கும் பெயர். உங்கள் பயாஸில் எது தெரிகிறதோ அதை ஆன் செய்யுங்கள்.

இது ஓவர்கிளாக்தானே, ஆபத்தில்லையா என்று அடுத்து கேட்பார்கள். பெயரளவில் ஓவர்கிளாக்தான். டிடிஆர்4-க்கு இயல்பான மின்னழுத்தம் 1.2 வோல்ட், இந்த ப்ரொஃபைல்களில் 1.35 ஆகும். ரேம் அதற்காகவே சோதிக்கப்பட்டு விற்கப்படுகிறது. தகராறு வந்தால் பெரும்பாலும் பிராசசருக்குள் இருந்து ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் அந்த வேகத்தைத் தாங்காததால் வரும். அப்போது ஒரு படி கீழே, 3000-க்கோ 2933-க்கோ இறக்கிப் பாருங்கள்.

டிடிஆர்5 போர்டில் ஆன் செய்துவிட்டு முதல் முறை எழுப்பும்போது திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கலாம். ரேமோடு பேசிப் பழகிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் பவரைப் பிடுங்காதீர்கள்.

ஏஐடிஏ64 என்ற சோதனை மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் தாமதம் 70 நானோ நொடி காட்டுகிறது. கணக்கில் 10 தானே வந்தது?

10 என்பது ரேம் சிப் தன் பங்குக்கு எடுத்துக்கொள்வது. பிராசசர் முதலில் எல்1, எல்2, எல்3 என்று தன்னுடைய கேஷ்களில் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் குட்டி, அதிவேக நினைவகங்கள்) தேடி ஏமாந்து, மெமரி கன்ட்ரோலரிடம் வந்து, தன் முறைக்குக் காத்து நின்று, முகவரி போய்ச் சேர்ந்து, வரிசை திறந்து, தகவல் அதே வழியில் திரும்பி வர வேண்டும். டெஸ்க்டாப்பில் 60 முதல் 90 வரை காட்டினால் வழக்கமானதே.

4 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு ஒரு துடிப்பு கால் நானோ நொடி. 70 நானோ நொடி என்றால் 280 துடிப்பு. அத்தனை நேரம் கையைப் பிசைந்துகொண்டு நிற்காமலிருக்கத்தான் இவ்வளவு கேஷ் வைக்கிறார்கள். 96 எம்பி எல்3 கேஷோடு வந்த ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்ற பிராசசர்களில் ரேம் டைமிங்கின் தாக்கம் குறைந்துபோவதும் இதனால்தான். அந்த வகை பிராசசர் வைத்திருந்தால் விலையுயர்ந்த ரேமுக்குச் செலவழிக்காதீர்கள்.

சிஎல்22-க்கும் சிஎல்16-க்கும் எவ்வளவு கூடக் கொடுக்கலாம்?

கடைகளில் ஹீட்சிங்க் இல்லாமல் பச்சை போர்டோடு இருக்கும் 3200 ஸ்டிக்குகள் பெரும்பாலும் சிஎல்22. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் நின்றால் "ரெண்டுமே 3200 தான் சார்" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் 22-22-22 என்பது பெட்டி மாற்றும் சமயத்தில் 41.25 நானோ நொடி, நம்முடையது 32.5.

அலுவலக வேலை, பிரவுசர், படம் பார்ப்பது: கண்ணைக் கட்டிக்கொண்டு விலை குறைந்ததை வாங்குங்கள், வித்தியாசம் தெரியாது. 4கே-யில் கேம் ஆடினாலும் அப்படித்தான், அங்கே கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். 1080பி-யில் வேகமான கார்டோடு நொடிக்கு 144 பிரேமுக்கு மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு, குறிப்பாக அந்தத் திடீர்த் திணறல்கள் குறைய, சிஎல்16 உதவும். அதற்கும் ஒரு வேளை பிரியாணிக் காசு அளவு கூடக் கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால் அந்தப் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள். 8 ஜிபி சிஎல்14-ஐவிட 16 ஜிபி சிஎல்22 எப்போதும் மேல். ரேம் தீர்ந்து எஸ்எஸ்டிக்குப் போக வேண்டி வந்தால் அங்கே தாமதம் நானோ நொடியில் இல்லை, மைக்ரோ நொடியில்.

ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா, இரண்டு 8 ஜிபியா?

டிடிஆர்4-இல் இரண்டு. ஒரு 3200 ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும், இரண்டும் இரு சேனலில் (பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான தனித்தனிப் பாதைகள்) சேர்ந்தால் 51.2. டைமிங்கை எவ்வளவு இறுக்கினாலும் இந்த லாபம் வராது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசரில் இருப்பதையே நம்பியிருந்தால் ஒற்றை ஸ்டிக் போடவே போடாதீர்கள். "பிறகு இன்னொன்று வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்" என்பவர்களில் வாங்கிப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். உறுதிப்படுத்திக்கொள்ள போர்டோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால்?

டிடிஆர்4-இல் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். டிடிஆர்5-இல் யோசியுங்கள். ரைசன் 7000-க்கு ஏஎம்டி அறிவித்த வேகமே இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு என்றால் 3600. 64 ஜிபி தேவையென்றால் இரண்டு 32-ஆக வாங்குங்கள்.

வேறு வேறு ரேமைக் கலப்பதும் இதே ரகம். இருப்பதில் மந்தமானதன் வேகத்துக்கு எல்லாம் இறங்கும், சில சமயம் எழவே எழாது.

ரைசனுக்கு 3600 அல்லது 6000 என்று ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள்?

ரைசன் 3000, 5000 வரிசையில் பிராசசரின் உள்துண்டுகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதைக்குத் தனி கிளாக் உண்டு. ரேமின் உண்மையான கிளாக்கும் அதுவும் ஒன்றாக ஓடினால் கைமாற்றும்போது தாமதம் இல்லை. அந்தப் பாதை பெரும்பாலான சிப்களில் 1800 மெகாஹெர்ட்ஸை எட்டிவிடும், அதன் இரட்டிப்பு 3600. 4000 ரேம் வாங்கிப் போட்டு, போர்டு அந்த இணைப்பைப் பாதியாக்கிவிட்டால், அதிக விலை கொடுத்துத் தாமதத்தை வாங்கியதாக ஆகும்.

ரைசன் 7000-இல் ஒத்துப்போக வேண்டியது மெமரி கன்ட்ரோலரின் கிளாக். அது 3000-இல் சுகமாக ஓடுவதால் 6000. இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்து கியர் 1 (கன்ட்ரோலர் ரேமின் கிளாக்கிலேயே ஓடுவது), கியர் 2 (அதில் பாதியில் ஓடுவது) என்று வருவதும் இதன் சித்தப்பா பிள்ளைதான்.

டைமிங்கை நானே குறைக்கலாமா?

பொறுமை இருந்தால் தாராளமாக. ஒரு நேரத்தில் ஒரு எண், ஒரு படி. ஒவ்வொரு முறையும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 முழுச் சுற்று ஓட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோற்றதாக அர்த்தம்.

நான் ஒருமுறை சிஎல்லை 14-க்கு இறக்கினேன். கருந்திரை. பவர் கேபிளைக் கழற்றி, போர்டில் இருந்த நாணய பேட்டரியைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இந்த ரகத் தோல்வி நல்லது, முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். இன்னொருமுறை டிஆர்எஃப்சி என்ற துணை டைமிங்கை இறுக்கினேன். விண்டோஸ் எழுந்தது, கேம் ஓடியது, எல்லாம் சரி. ஒரு வாரம் கழித்து ஒரு பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது சிஆர்சி பிழை, அதாவது தகவல் கெட்டிருக்கிறது என்ற எச்சரிக்கை. மறுபடியும் பிரித்தேன், இந்த முறை வேறொரு ஃபைலில் பிழை. அந்த ஒரு வாரத்தில் சேமித்த படங்களில் எத்தனை கெட்டன என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிஆர்எஃப்சி என்பது அந்த நான்கில் இல்லையே?

ஸ்டிக்கரில் இருக்காது. ஆனால் பயாஸில் இருக்கும் பத்திருபது துணை டைமிங்குகளில் பலன் தெரிவது இதில்தான்.

அந்த மின்தேக்கிகள் ஓட்டைக் குடங்கள். டிடிஆர்4-இல் 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒரு முறையாவது திரும்ப நிரப்பியாக வேண்டும். அதற்காக 7.8 மைக்ரோ நொடிக்கு ஒரு முறை புதுப்பிப்பு உத்தரவு போகும். 8 ஜிகாபிட் சிப் என்றால் ஒவ்வொரு முறையும் 350 நானோ நொடி வேறு வேலை எதுவும் செய்யாது. அந்த 350-தான் டிஆர்எஃப்சி. மொத்த நேரத்தில் கிட்டத்தட்ட நாலரை சதவீதம் குடத்தை நிரப்புவதிலேயே போகிறது. இதைக் குறைத்தால் லாபம் உண்டு. அளவு மீறினால் குடம் நிரம்புவதற்கு முன்பே நகர்ந்துவிடுவீர்கள், பிட் மாறும். சூடு ஏறினால் ஒழுக்கும் ஏறும் என்பதால் டிசம்பரில் தாங்கிய அமைப்பு மே மாதத்தில் கவிழலாம்.

லேப்டாப்பில் இதையெல்லாம் செய்யலாமா?

பெரும்பாலும் முடியாது. பல மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். ஸ்லாட் இருந்தாலும் பயாஸில் டைமிங் பக்கமே இருக்காது. டிடிஆர்4 லேப்டாப் என்றால் 3200 சிஎல்22-ஐப் போட்டு விட்டுவிடுங்கள். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் அதை நிரப்புவது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. பின்மூடியைத் திறக்கும்முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.